இருபத்தொரு பாதங்கள்

தலைமை தாங்கும் தகுதியைத் தொப்பியிலும், தள்ளாத உறுதியைத் தோளிலும் தாங்கி அமர்ந்திருக்கும் கல்லுமலைத் தோட்ட முன்னாள் படைவீரர் நலக்குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற சார்ஜன் இராமசாமி அவர்களே! மழையையும் மண்சாலையையும் மதிக்காமல் மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து வந்து, மேடையை அணிசெய்துகொண்டிருக்கும் மருத்துவர் தினேஸ்வரி அவர்களே! விளக்குக்கும் மைக்குக்கும் கோயிலிலிருந்து மின்சாரம் இழுத்துக்கொடுத்த மாரியம்மன் கோயில் தலைவர், பெரியவர் அப்பாவு அவர்களே! வீட்டு நாற்காலிகளையெல்லாம் தூக்கி வந்து விருந்தினருக்குப் போட்டுவிட்டு, தாங்கள் மட்டும் நின்றுகொண்டிருக்கும் தாய்மார்களே! பந்தலுக்குப் பின்னால் பந்திக்குத் தயார்செய்தபடி, மிளகாய்ப் புகையால் பேச்சாளர்களை இருமவைத்துக்கொண்டிருக்கும் சமையல் சகோதரர்களே! எல்லாருக்கும் மேலாக, முதல் வரிசையில், முதுகு நாற்காலியில் படாமல், காலில் சப்பாத்து பளபளக்க, பதக்கம் மினுமினுக்க அமர்ந்திருக்கும் பதினொரு வீரர்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

என் பெயர் சரோஜாதேவி அருளம்பலம். அந்தப் பெயரைச் சொன்னால் இந்தத் தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. மிஸ்ஸி என்றால் தெரியும். ஈப்போவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள். குடியிருப்பதும் அங்கேதான், சிலிபினில். என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து இரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியாக இங்கே வந்தவர். அதனால் நான் முதன்முதலில் இந்த லயத்து வீடுகளுக்குள் வந்து பேசியபோது, என் தமிழைக் கேட்டுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இப்போதும் அதோ இரண்டு பேர் சிரிக்கிறார்கள். சிரியுங்கள், சிரியுங்கள். ஊசி என் கையில்தான் இருக்கிறது.

தலைவர் எனக்குக் கொடுத்த நேரம் பதினைந்து நிமிடம். கொடுத்த தலைப்போ, ‘ஊரகப் படைவீரருக்கு உயர்ந்த மருத்துவம்’. ஆகா, எவ்வளவு அழகான தலைப்பு! இந்தத் தலைப்பில் திட்டங்களைப் பேசலாம், தீர்மானங்களைப் பேசலாம், புள்ளிவிவரங்களை அடுக்கலாம், பொன்னாடை போர்த்திக்கொண்டு போகலாம். ஆனால்...

ஒரு நிமிடம். பத்துமலை அண்ணே, மன்னிக்க வேண்டும், பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். வலது காலை ஏன் அப்படி அசைத்துக்கொண்டே இருக்கிறீர்கள்? என்ன? ‘ஒண்ணும் இல்ல மிஸ்ஸி’ என்கிறார். சரி, ஒன்றும் இல்லை. பெரியோர்களே, தாய்மார்களே, இந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்று பேசப்போவது திட்டங்களைப் பற்றி அன்று, தீர்மானங்களைப் பற்றி அன்று. இந்த ‘ஒண்ணும் இல்ல’ என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான்.

யார் இந்தப் பத்துமலை? இதே கல்லுமலைத் தோட்டத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தவர். வடக்கு எல்லையில், கிரிக் காட்டில் பொறியாளர் படையில் பத்து ஆண்டுகள் இருந்தவர். அந்தக் காட்டில் பாதை இல்லாத இடத்தில் பாதை போட்டவர். பாதையில் கம்யூனிஸ்டுகள் புதைத்து வைத்திருந்த வெடிகளை மண்டியிட்டு, மூச்சடக்கி, விரலால் தடவி எடுத்தவர். நாமெல்லாம் இன்று காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டே வடக்கே போகிறோமே, அந்த நிம்மதிக்குக் காவல் நின்றவர். பத்து ஆண்டு முடிந்தது. பென்ஷனுக்கு அந்தப் பத்து ஆண்டு போதவில்லை. திரும்பித் தோட்டத்துக்கு வந்தார், ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலைக்குக் காவல்காரராகப் போனார். பத்து ஆண்டுகள் நாட்டைக் காத்தவர், பதினெட்டு ஆண்டுகள் ஒரு கேட்டைக் காத்தார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

அவருக்கு இனிப்புநீர், அந்தச் சர்க்கரை நோய் வந்தது. யாருக்குத்தான் வரவில்லை? இந்தப் பந்தலில் கை தூக்கச் சொன்னால் பந்தலே தூக்கிக்கொண்டு போய்விடும். மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் ஒருநாள், செம்பனை மட்டையின் முள் ஒன்று அவருடைய இடது காலில் ஏறியது. சின்ன முள், சின்னப் புண். பக்கத்து ஊர்க் கிளினிக்கில் பார்த்துவிட்டு, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிக் கடிதம் கொடுத்தார்கள். கடிதம் கொடுப்பது எளிது. ஈப்போவுக்குப் போவது எளிதா?

தாய்மார்கள் தலையை ஆட்டுகிறார்கள். அவர்களுக்குத் தெரியும். இங்கிருந்து ஈப்போ ஐம்பத்தெட்டுக் கிலோமீட்டர். பால்மரம் இருந்த காலத்தில் தோட்டத்து வாசலுக்கே பேருந்து வந்தது. செம்பனை வந்த பிறகு ஆட்கள் குறைந்தார்கள், ஆட்கள் குறைந்ததும் பேருந்து நின்றது. பெரிய சாலைக்கு நாலரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். செம்பனைப் பழம் ஏற்றிய லாரி புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போகும் பாதை. அங்கே ஒரு பேருந்து, இறங்கி இன்னொரு பேருந்து, இறங்கி மறுபடியும் நடை. காலில் புண் இருக்கிறது, காட்டுவதற்காகப் போகிறார். அந்தக் காலாலேயே நடந்து போகிறார்!

சரி, நடந்தார். எதைப் போட்டுக்கொண்டு நடந்தார்? இங்கேதான், பெரியோர்களே, ஒரு படைவீரன் மட்டுமே செய்யக்கூடிய தவற்றை அவர் செய்தார். வேறு யாராக இருந்தாலும் செருப்பைப் போட்டுக்கொண்டு, துணியைச் சுற்றிக்கொண்டு, நொண்டி நொண்டி வந்திருப்பார்கள். இவர் என்ன செய்தார்? ஆஸ்பத்திரி அரசாங்கத்தின் இடம், அங்கே ஒழுங்காகப் போக வேண்டும் என்று, முந்தின நாள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டார். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. புண்பட்ட காலை அந்தச் சப்பாத்துக்குள் திணித்து, கயிற்றை இழுத்துக் கட்டி, நாலரைக் கிலோமீட்டர் நடந்தார். கூட வந்த அவர் மனைவி இருளாயி அக்கா, ‘செருப்புப் போட்டுக்கிட்டு வாங்கய்யா’ என்று வழியெல்லாம் கெஞ்சினாராம். அதற்கும் இவர் சொன்ன பதில், ‘ஒண்ணும் இல்ல, நீ வா.’

ஈப்போவில் அந்தப் புண் பார்க்கும் அறையில் அன்று மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தாதி யார் தெரியுமா?

நான்தான்.

ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரி செய்த தவறு இல்லை அது. நான் செய்த தவறு. என் முன்னால் நாற்பது பேர் வரிசையில் இருந்தார்கள். இவர் உள்ளே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. விறைத்து நின்றார். ‘கால் எப்படி, வலி இருக்கா?’ என்று கேட்டேன். கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து, அறை அதிர, ‘தியாடா மசாலா, புவான்!’ என்றார். ஒரு சிக்கலும் இல்லை அம்மா என்று மலாயில் சல்யூட் அடிக்காத குறையாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் இருளாயி அக்கா வாயைத் திறந்தார். இவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அக்கா வாயை மூடிக்கொண்டார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஐயா, சப்பாத்தைக் கழற்றுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்றே சொல். முப்பத்து மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவள் நான், அந்த மூன்று சொல்லைச் சொல்லவில்லை. அந்தப் பளபளப்பான சப்பாத்தைப் பார்த்தேன், இப்படி நடந்து வந்தவருக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். அட்டையில் எழுதினேன். என்ன எழுதினேன்? ‘புகார் எதுவும் இல்லை.’ மருந்து கொடுத்தேன், தேதி கொடுத்தேன், அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

ஏழு வாரம் கழித்து அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பத்துமலை அண்ணன் அங்கிருந்து, ‘அத ஏன் மிஸ்ஸி இப்ப’ என்கிறார். சொல்லத்தான் வேண்டும் அண்ணே. சொல்லாமல் விட்டதால்தான் இவ்வளவும்.

அறுவை முடிந்த மூன்றாம் நாள் வார்டுக்குப் போனேன். பயந்துகொண்டுதான் போனேன். இருளாயி அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். திட்டுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னதை எழுத்துக்கு எழுத்து சொல்கிறேன்: ‘மிஸ்ஸி, நீங்க கேட்டது தப்பில்ல. இந்த மனுசனப் பாத்துக் கேட்டீங்க பாருங்க, அதான் தப்பு. என்னப் பாத்துக் கேட்டிருக்கணும் லா. இவரு வேற எதுலயும் பொய் சொல்ல மாட்டாரு. நல்லா இருக்கேன்னு மட்டும் பொய் சொல்லுவாரு.’

முப்பத்து மூன்று ஆண்டுகளில் எத்தனையோ பாடம் படித்தேன், எத்தனையோ பட்டயம் வாங்கினேன். இருளாயி அக்கா நின்றபடி சொல்லிக்கொடுத்த இந்தப் பாடம் எந்தப் பட்டயத்திலும் இல்லை. கை தட்டுங்கள், அக்காவுக்குத் தட்டுங்கள்!

ஓய்வு பெற்ற அடுத்த வாரமே இந்தத் தோட்டத்துக்கு வந்தேன். ஒரு பேசின், ஒரு டார்ச்லைட், ஒரு பெட்டி பஞ்சு. பரிகாரம் என்று சொல்ல மாட்டேன், போன காலுக்கு ஏது பரிகாரம்? பத்துமலை அண்ணனுக்கு இன்னொரு கால் இருக்கிறது. அதையாவது காப்பாற்ற வேண்டும் என்று வந்தேன். வந்தால், அவர் ஒருவர் இல்லை, இந்த லயத்திலும் பக்கத்து லயத்திலுமாகப் பதினொரு பேர். எல்லாரும் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள், எல்லாருக்கும் வயதாகிவிட்டது, பாதிப் பேருக்கு மேல் இனிப்புநீர். ஆறு மாதம் வீடு வீடாகப் போனேன். ‘எப்படி இருக்கீங்க அண்ணே?’ ‘நல்லா இருக்கேன் மிஸ்ஸி.’ அடுத்த வீடு. ‘காலில் ஏதாவது?’ ‘ஒண்ணும் இல்ல மிஸ்ஸி, தே தாரேக் குடிச்சிட்டுப் போங்க.’ பதினொரு வீட்டிலும் தேநீர் கிடைத்தது, பதினொரு வீட்டிலும் ஒரு கால்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை. எனக்கே இனிப்புநீர் வந்துவிடும் போல் ஆகிவிட்டது!

நொந்துபோய்ச் சீனி அண்ணன் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். எதிர் மேசையில் இதோ நம் தலைவர், சார்ஜன் இராமசாமி. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமலேயே சொன்னார்: ‘மிஸ்ஸி, நீங்க கேள்வி கேக்குறீங்க. கேள்வி கேட்டா எங்க பயலுக பதில் சொல்ல மாட்டானுங்க. பட்டாளத்துல கேள்வியே கிடையாது லா. உத்தரவுதான்.’

ஏன் சார்ஜன், வலித்தால் வலிக்கிறது என்று சொல்ல ஏன் இவர்களுக்கு வாய் வரவில்லை, வீம்பா என்று கேட்டேன். ரொட்டியைக் கீழே வைத்தார். தலைவர் அவர்களே, நீங்கள் அன்று சொன்னதை நான் இங்கே சொல்லலாமா? தலையசைத்துவிட்டார்.

‘வீம்பு இல்ல மிஸ்ஸி. காட்டுல நாங்க ஒரு செக்‌ஷன், பத்துப் பேரு. ஒருத்தன் நடக்க முடியலன்னு சொல்லிட்டான்னு வைங்க, அவனத் தூக்க நாலு பேரு வேணும். நாலு பேரு தூக்குனா அந்த நாலு பேரு கையில துப்பாக்கி இல்ல. அப்ப காவலுக்கு எத்தன பேரு? அஞ்சு பேரு. அவ்வளவு பேரோட உசுரும் போகலாம். அதனால நடக்க முடியிற வரைக்கும் எவனும் வாயத் தொறக்க மாட்டான். தனக்காக இல்ல மிஸ்ஸி, பக்கத்துல இருக்கிறவனுக்காக.’

கேட்டீர்களா தாய்மார்களே? நாம் எதைப் பிடிவாதம் என்று நினைத்தோமோ, அது பிடிவாதம் அன்று, பாசம். எதைத் திமிர் என்று நினைத்தோமோ, அது திமிர் அன்று, தியாகம். காட்டுச் சண்டை முடிந்து முப்பத்தைந்து ஆண்டு ஆகிறது. இவர்களுக்கு மட்டும் காடு இன்னும் முடியவில்லை! தன்னைத் தூக்க நாலு பேர் வேலையை விட்டுவிட்டு வரவேண்டுமே என்று, ஆஸ்பத்திரி அறையில் என் முன்னால் நின்றபோதும் பத்துமலை அண்ணனுக்கு அதே எண்ணம். வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள், நம்மால் அவர்களுக்குத் தாமதம் ஆகக்கூடாது. நான் எழுதினேனே ‘புகார் இல்லை’ என்று, அது அவர் உடம்பைப் பற்றிய குறிப்பு அன்று, அவர் உள்ளத்தைப் பற்றிய குறிப்பு. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

அன்றைக்குச் சார்ஜன் இன்னொன்றும் சொன்னார். காட்டிலிருந்து திரும்பிய நாளில், சாப்பாட்டுக்கு முன்னால், குளிப்பதற்கு முன்னால், எல்லாரையும் வரிசையாக நிறுத்திச் சப்பாத்தைக் கழற்றச் சொல்லிப் பாதம் பார்ப்பார்களாம். அட்டை கடித்ததா, தோல் உரிந்ததா, புண் அழுகுகிறதா என்று ஒவ்வொரு விரலாகப் பார்ப்பார்களாம். அங்கே எவனும் மறுக்க மாட்டான், அது உத்தரவு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி. இடம், இதோ நாம் பந்தல் போட்டிருக்கும் இதே பெரட்டுக் களம். இதே மண்ணில்தான் ஒரு காலத்தில் உங்கள் பெற்றோரை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பினார்கள். கூப்பிட்ட குரலுக்கு வராதவருக்கு அன்றைய வேலை இல்லை. அதே களத்தில் சார்ஜன் இராமசாமி வாயில் விசிலோடு நின்றார். ஊதினார் பாருங்கள் ஒரு ஊதல், கோயில் புறாவெல்லாம் பறந்துவிட்டது, அப்பாவு ஐயா மணியை விட்டுவிட்டு ஓடி வந்தார்! கைலியோடும் பனியனோடும் பதினொரு பேர் வந்து வரிசையில் நின்றார்கள். பேர் கூப்பிட்டார். ‘ஹாடிர்!’ ‘ஹாடிர்!’ என்று பதில். பிறகு, ‘புக்கா காசுட்!’ காலணியைக் கழற்று! பதினொரு பேரும் கழற்றினார்கள். ஆறு மாதமாக எனக்குத் தேநீர் மட்டும் காட்டிய அத்தனை பேரும் ஒரே நொடியில் பாதம் காட்டினார்கள்!

பதினொரு பேருக்கு எத்தனை பாதம்? இருபத்திரண்டு என்பீர்கள். இருபத்தொன்று. பத்துமலை அண்ணனுக்கு ஒன்றுதான்.

அந்த இருபத்தொரு பாதத்தில் அன்று நான் என்னென்ன பார்த்தேன் தெரியுமா? நான்கில் புண். ஒன்றில் விரலிடுக்கில் முள், வந்து எத்தனை நாளானது என்று அவருக்கே தெரியாது. ஒருவருடைய செருப்பில் ஆணி மேலே வந்திருக்கிறது, அது குத்துவதுகூடத் தெரியாமல் நடந்துகொண்டிருக்கிறார், கால் அவ்வளவு மரத்துப்போயிருக்கிறது. அன்றே கழுவினேன், கட்டினேன், இரண்டு பேரை வண்டி பிடித்து ஈப்போவுக்கு அனுப்பினேன். அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு பாதப் பெரட்டு. இரண்டு ஆண்டுகள். இருபத்துமூன்று பெரட்டு. மழை பெய்தாலும் பெரட்டு, தீபாவளிக்கு முந்தின நாளும் பெரட்டு. முதல் நாள் எண்ணியது இருபத்தொன்று. போன மாதம் எண்ணியதும் இருபத்தொன்று. ஒன்றுகூடக் குறையவில்லை!

நன்றி, நன்றி. கைதட்டலைச் சார்ஜனின் விசிலுக்குக் கொடுங்கள்.

என் ஒருத்தியால் ஆனதில்லை இது. நான் புண்ணைப் பார்க்கலாம், புண்ணுக்கு மருந்து எழுத முடியாது. இரத்தம் எடுக்க வேண்டும், மருந்தை மாற்ற வேண்டும். ஓராண்டாக மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் நடமாடும் கிளினிக் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இங்கே வருகிறது. அந்த வண்டி வந்து நின்றால்தான் ஐம்பத்தெட்டுக் கிலோமீட்டர் ஐம்பத்தெட்டு அடியாகிறது. நாலரைக் கிலோமீட்டர் புழுதி நடை நின்றுபோகிறது. இப்போது அந்த வண்டி அடுத்த ஆண்டு வருமா வராதா என்று ஒரு கேள்வி வந்திருக்கிறது.

டாக்டர் தினேஸ்வரி சங்கடமாக நெளிகிறார். டாக்டர், இது உங்கள் மேல் குற்றச்சாட்டு அன்று. உங்கள் மேலதிகாரிகள் கேட்கிறார்கள், அந்த இடத்தில் தேவை இருக்கிறதா என்று. வருகைப் பதிவேட்டைப் புரட்டுகிறார்கள். அதில் பதினொரு வீரர்களின் பெயருக்கு நேராகவும் என்ன எழுதியிருக்கிறது? ‘புகார் இல்லை.’ ‘புகார் இல்லை.’ ‘புகார் இல்லை.’ வண்டிக்குள் இருக்கும் இளம் தாதி கேட்கிறார், இவர்கள் விறைத்து நின்று பதில் சொல்கிறார்கள், அவர் எழுதுகிறார். அன்று நான் எழுதிய அதே சொல்! அன்று அந்தச் சொல் ஒரு காலைக் கொண்டுபோயிற்று. இன்று அதே சொல் ஒரு வண்டியைக் கொண்டுபோகப் பார்க்கிறது. வண்டி போனால் இருபத்தொன்று எவ்வளவு நாள் இருபத்தொன்றாக இருக்கும்? டாக்டர் இந்த மாதக் கடைசிக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். இன்று அவர் வந்திருப்பது விழாவுக்கு மட்டும் அன்று, தம் கண்ணால் பார்த்துவிட்டு எழுதுவதற்கும்தான்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். தெரிகிறது தலைவர் அவர்களே, பதினைந்து நிமிடம் ஆகிவிட்டது. பேச்சு முடிகிற இடத்துக்கு வந்துவிட்டேன். ஆனால் முடிப்பதற்கு முன்னால் உங்கள் மேலும் என் மேலும் ஒரு குற்றம் சொல்ல வேண்டும். இன்று மாதத்தின் முதல் ஞாயிறு. இருபத்துநான்காவது பெரட்டு நடந்திருக்க வேண்டிய நாள். நடந்ததா? இல்லை. ஏன்? நீங்கள் சொன்னீர்கள், ‘மிஸ்ஸி, பெரியவங்க வர்ற அன்னைக்கு இதெல்லாம் வேண்டாம் லா, எல்லாரும் யூனிஃபாமோட இருப்பாங்க.’ நானும் சரி என்றேன். விழா மும்முரத்தில் சரி என்றேன். டாக்டர் நம் தேவையைப் பார்க்க வருகிற நாளில், நாம் தேவையைச் சப்பாத்துக்குள் வைத்துக் கட்டி, பாலிஷ் போட்டு முதல் வரிசையில் உட்கார வைத்திருக்கிறோம்! மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் செய்த அதே தவற்றை, மாலை மரியாதையோடு, மைக் செட்டோடு மறுபடியும் செய்திருக்கிறோம்.

முதல் வரிசை வீரர்களே, இப்போது உங்களிடம் பேசுகிறேன். சார்ஜனை விசில் ஊதச் சொல்ல மாட்டேன். உத்தரவு போட்டால் நீங்கள் கழற்றுவீர்கள், அது எனக்குத் தெரியும். உத்தரவுக்குக் கட்டுப்படுவது உங்களுக்குப் பழகிப்போன வீரம். இன்று நான் கேட்பது உங்களுக்குப் பழகாத வீரம். ஒருவன் வலி என்றால் நாலு பேர் தூக்க வேண்டுமே என்று பயந்தீர்கள். திரும்பிப் பாருங்கள்! இந்தப் பந்தலில் நாலு பேரா இருக்கிறோம்? இருநூறு பேர் இருக்கிறோம். இங்கே யார் கையிலும் துப்பாக்கி இல்லை, யாரும் காவலை விட்டுவிட்டு வரவில்லை. எங்களை நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் நிம்மதியாகத் தூங்கவைத்தவர்கள் நீங்கள். செத்த பிறகு தூக்க நாலு பேர் எல்லாருக்கும் வருவார்கள். உயிரோடு இருக்கும்போது தூக்க ஒரு வாய்ப்பை எங்களுக்குக் கொடுக்க மாட்டீர்களா? நீங்கள் நல்லா இருக்கிறேன் என்று சொல்லும்போதெல்லாம் எங்கள் கையைத் தட்டிவிடுகிறீர்கள் ஐயா. எனக்கு அது வலிக்கிறது. நான் சொல்லிவிட்டேன், வலிக்கிறது என்று. சொன்னால் வானம் இடிந்து விழவில்லை, பாருங்கள்.

பத்துமலை அண்ணே, மறுபடியும் கேட்கிறேன். மேசைக்குப் பின்னால் இருந்து கேட்கவில்லை, அட்டையைப் பார்த்துக் கேட்கவில்லை, உங்களைப் பார்த்துக் கேட்கிறேன். எப்படி இருக்கிறது உங்கள் கால்?

எழுந்துவிட்டார். கைத்தடியை ஊன்றி எழுந்துவிட்டார். கைதட்டாதீர்கள், தயவுசெய்து யாரும் கைதட்டாதீர்கள். அவர் பேசட்டும்.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். ‘எரியுது மிஸ்ஸி. மூணு நாளா எரியுது. சுண்டு வெரல் கிட்ட நெறம் மாறியிருக்கு. விழா நல்லபடியா முடியட்டும்னு இருளாயிகிட்டகூடச் சொல்லல.’

அண்ணே, இந்த ஒரு வார்த்தைக்கு நான் மூன்று ஆண்டுகளாகக் காத்திருந்தேன்.

உட்காருங்கள். இருளாயி அக்கா, அழாதீர்கள், அவருடைய சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். மெதுவாக. அதோ, பக்கத்தில் தனேஸ்வரன் அண்ணனும் குனிகிறாரே, என்ன செய்கிறார்? கழற்றுகிறார். அவருக்கு அடுத்தவரும். தலைவர் அவர்களே, நீங்கள் விசில் ஊதவில்லை, பாருங்கள், ஒருவரும் உத்தரவு போடவில்லை, வரிசை முழுவதும் சப்பாத்தைக் கழற்றுகிறது! சமையல் சகோதரர்களே, ஒரு பேசின் வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், வெதுவெதுப்பு. நாற்காலிக்காரர்கள் நடுவில் கொஞ்சம் வழி விடுங்கள்.

டாக்டர் தினேஸ்வரி மேடையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறார். பையை எடுத்துக்கொண்டுதான் இறங்குகிறார். அவர் அறிக்கையில் என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியாது, அதைக் கேட்கவும் மாட்டேன். ஆனால் புகார் இல்லை என்று மட்டும் இன்று எழுத முடியாது.

ஆகவே, பேச வாய்ப்பளித்த தலைவருக்கும், பொறுத்துக் கேட்ட பெரியோருக்கும், நின்றபடியே கேட்ட தாய்மார்களுக்கும் நன்றி சொல்லி, பேச்சை இந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போகிறேன். டாக்டருக்கு டார்ச்லைட் பிடிக்க ஆள் வேண்டும். இன்றைக்கு இருபத்தொன்று. அடுத்த ஆண்டு இதே களத்தில் உங்கள் முன்னால் நின்று, இருபத்தொன்று என்றே நான் சொல்ல வேண்டும்.

வருகிறேன் அண்ணே, காலை அசைக்காதீர்கள். எல்லாருக்கும் வணக்கம்.